ஒத்தை லைட்டு

கட்டிலில் கிடந்தவருக்குத் தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். முகமெல்லாம் கட்டு, கண் மட்டும் வெளியே. எதிரே லாரி டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"ஒத்தை லைட்டைப் பாத்துட்டு பைக்குன்னு நெனச்சு நடுவுல வந்துட்டீங்க. இன்னொரு லைட்டு செத்தது எனக்கே தெரியலண்ணே!"

கண்கள் அவரையே பார்த்தன.

"புது எல்.இ.டி. போட்டதுலேருந்து, நல்லா எரியிறப்பவே 'லைட்டு போச்சு'ன்னு வண்டி கத்திட்டே இருந்துச்சு. எலக்ட்ரீசியன் ஒரு ரெசிஸ்டரை மாட்டி அது வாயை அடைச்சாரு. நெசமாவே போனப்பவும் கத்தல!"

கட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

"நறுக்குன்னு நாலு கேக்கலாம்னு அவரு கடைக்குப் போனா, நாம மோதுன அன்னையிலேருந்து பூட்டிக் கிடக்கு. ஆளு கம்பி நீட்டிட்டான்!"

கட்டிலில் கிடந்தவர் வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. அந்தக் கடையின் சாவி அவர் தலையணைக்கடியில் இருந்தது.