தும்மல்

"புது ஆயா அக்கரைக்காரிதான். சந்தேகமே இல்லை" என்று மனைவியின் காதைக் கடித்தார், அபூர்வமாக லீவு போட்டு வீட்டிலிருந்த குடியுரிமை அதிகாரி.

"நம்மள மாதிரிதானே பேசுறா?"

"பேச்சை மாத்திக்கலாம். காலையில பாப்பா தும்மினதும் சட்டுன்னு அது காது மடலைப் பிடிச்சு இழுத்தா. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆளுங்க மட்டும்தான் அப்படிச் செய்வாங்க. இந்த ஒண்ணை வெச்சே எத்தனை பேரைப் பிடிச்சு அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

மனைவி பதறினாள். "ஐயோ, அந்தக் கூட்டமா? அவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. உடனே ஆபீசுக்குச் சொல்லுங்க!"

அவர் போன் போட்டார். விவரம் தெரியாத ஆயா, இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் தாவிய குழந்தை, "அச்!" என்று தும்மியது.

இரண்டு கைகள் ஒரே நேரத்தில் பாய்ந்தன. ஆயாவின் கை வலது காது மடலை இழுத்தது. மனைவியின் கை இடது காது மடலை இழுத்தது.

"சொல்லுங்க சார், யாரைத் தூக்கணும்?" என்றது போன்.

அதிகாரி மனைவியையே பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

"யாரையும் இல்லப்பா. கை தவறிப் பட்டுடுச்சு."