மனுவில் இல்லாத கைநாட்டு

“ஒன்ன மச்சான்னு கூப்புட்ட வாயக் கழுவணும்” என்று பத்துமலை உமிழ்ந்த எச்சில் ராமையாவின் காலடியில் விழுந்தது. மாரியம்மன் கோயிலின் வெளிமுற்றத்தில் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்து மக்கள் அனைவரும் கூடி நின்றனர். ஒருவரும் தடுக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு அது. கித்தா எனும் ரப்பரின் விலை சரிந்ததும், மலாயாவில் சிம்பாங் பூலாயை அடுத்த அந்தத் தோட்டத்தில் கூலியும் சரிந்தது. முழு நாள் மரம் சீவியவர்க்கு அரை நாள் கூலிக்கே பேர் போட்டார்கள். பிள்ளை பெற்றவளை, பால் சுரந்த மார்பு உலருமுன்னே வேலையினின்று நீக்கினார்கள்.

முறையிட்டு மணியடிக்க அரண்மனை வாயில் அருகில் இல்லை. ஆளும் அரசு ஏழு கடலுக்கு அப்பால் இருந்தது. ஆகவே லண்டன் பார்லிமெண்டுக்கே மனு எழுதி, லயத்தார் ஒவ்வொருவராகக் கைநாட்டு வைத்தனர். ராமையா மட்டும் வைக்கவில்லை.

“போன வருசமும் விசாரண நடந்துச்சு. கங்காணி கூட்டிட்டுப் போன ஆளு, ஒரு கொறையும் இல்லன்னு சொல்லிட்டு வந்தான். இந்த வருசம் அந்த வேல ஒனக்கா?” என்றான் பத்துமலை.

“எனக்குத் தொர மேல கொற ஒண்ணும் இல்ல.” ராமையாவின் குரல் தாழ்ந்திருந்தது, தலை தாழவில்லை.

அன்றே அவனை ஊரார் தள்ளி வைத்தனர். அவனோடு பேச்சில்லை, அவன் வீட்டுக்கு நீரில்லை, நெருப்பில்லை, அரிசியில்லை.

மறுநாள் குழாயடியில் அவன் மனைவி செல்லாயியின் குடத்தை வீரம்மா காலால் எற்றினாள். “தொர பங்களாவுல கொழா இருக்குலா. அங்க போயி புடிச்சுக்க.” செல்லாயி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடையை நோக்கி நடந்தாள். தொலைவில் நின்ற சின்னையா கங்காணி மீசையைத் தடவிக்கொண்டான்.

நஞ்சை மிடற்றிலே நிறுத்திய பெருமானைப் போல, வசையை விழுங்காமலும் உமிழாமலும் ராமையா வாழ்ந்தான். கடைக்காரர் அவனுக்கு அரிசி அளக்க மறுத்தார். ஆயினும் அந்திதோறும் அவன் வீட்டுக் கூரைமேல் புகை எழுந்தது. அதைக் கங்காணியும் பார்த்தான், பார்த்ததோடு சரி.

சில மாதங்களில் லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. ஈப்போவில் விசாரணை நடக்கும். தோட்டத்துக்கு ஒரு தொழிலாளி சாட்சி சொல்லலாம். அவனைத் தோட்டத்துத் துரையே அழைத்து வரவேண்டும். கொடுமை செய்தவனே சாட்சியைத் தேர்ந்தெடுக்கும் விந்தையான நீதி அது. கொடுங்கோலின் குடைக்கீழ் நிழல் தேடியவர்க்கு வெயிலே கூலி.

“நம்ம கையில ஆளு இருக்கான் தொர” என்றான் கங்காணி. “ஊரே தள்ளி வெச்ச ஆளு. மூஞ்சிக்கு நேரா துப்புனப்பகூட நம்மள விட்டுக் குடுக்கல. அந்தச் சனத்துக்காக இனி அவன் வாயத் தொறப்பானா?”

பல்லாண்டு தோட்டத்தில் இருந்து தமிழ் பழகிய துரை, சிரித்துத் தலையசைத்தார்.

கங்காணி கொடுத்த புதுச் சட்டையோடு ராமையா மாட்டுவண்டியில் ஏறினான். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற கருப்பம்மாள் ஒரு பிடி மண்ணை வாரி அவன்மேல் எறிந்தாள். “நம்ம வயித்துல அடிச்சு வாங்குன சட்டயப் பாருங்கடி. மாப்புளக் கோலம்தான்.”

ஈப்போ விசாரணைக் கூடத்தில் வெள்ளை அதிகாரிக்கு அருகே, மொழிபெயர்ப்பாளராகிய யாழ்ப்பாணத்துக் கதிரவேலு அமர்ந்திருந்தார். துரை நாற்காலியில் சாய்ந்திருந்தார். கங்காணி சுவரோரம் நின்றான்.

“உமக்குக் குறை ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார். பயப்பிடாமச் சொல்லும்” என்றார் கதிரவேலு.

“இருக்குங்கய்யா.”

துரையின் முதுகு நாற்காலியை விட்டு நிமிர்ந்தது.

“முழு நாளு மரம் சீவுறோம், அர நாள் பேரு போடுறாங்க. கருப்பம்மா புள்ள பெத்த பச்ச ஒடம்போட வேலய விட்டுத் தொரத்துனாங்க. காய்ச்சல்ல கெடந்தவனப் பெரம்பால அடிச்சு வேலக்கி இழுத்தாங்க. அடிச்சவரு வேற யாருமில்ல, இந்தா செவுத்தோரமா நிக்கிறாரே, அவருதான்.”

கதிரவேலு ஒரு சொல்லையும் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரலிலும் கனல் ஏறிற்று. அதிகாரியின் பேனா நிற்காமல் ஓடியது. துரையின் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்தது.

கூடத்தை விட்டு வெளியே வந்ததும், கங்காணி ராமையாவின் சட்டையைக் கொத்தாகப் பற்றினான்.

“நன்றி கெட்ட நாயே. ஒன் பொண்டாட்டி கொடத்த ஒதச்ச சனம்டா அது. ஒன்னக் காறித் துப்பி ஊர விட்டே தள்ளி வெச்ச சனம். அவனுங்களுக்காடா பேசுன?”

ராமையா அந்தக் கையை மெல்ல விலக்கினான்.

“என்னத் தள்ளி வைக்கச் சொன்னதே நான்தான், கங்காணி.”