அறிக்கைக்கு வேறு வார்த்தை

ஏரிக்கரைக்குக் கீழே இருந்த அலுவலகத்தில் நீர்மட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது அமிர்தவல்லியின் வேலை. முதல் நாள் ‘இன்க்ரீஸ்’ என்று எழுதினாள். மறுநாளும் அதையே எழுத, பொறியாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“தினம் ஒரே வார்த்தையா இருந்தா பழசைப் பார்த்துக் காப்பி அடிச்சோம்னு நினைப்பாங்கம்மா. வேற போடுங்க.”

அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அகராதியை எடுத்துத் தேடி ‘ரைஸ்’ போட்டாள். அப்புறம் ‘அக்யூமுலேட்’. அப்புறம் ‘ஸ்வெல்’. நல்ல ஆங்கிலம் என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. மதகைத் திறக்கச் சொல்லி உத்தரவு மட்டும் வரவில்லை.

“சார், கரையில கசியுதுன்னு காவல்காரர் சொல்றாரு.”

“அதுக்கும் நல்லதா ஒண்ணு பாருங்க.”

குனிந்து அகராதியை இழுத்தாள். வரவில்லை. அடியிலிருந்து ஈரத்தைக் குடித்து, உப்பிப்போய், தட்டோடு இறுகியிருந்தது.