நான்காவது ஹெட்போன்

“என்ன மாதிரி பாட்டு கேப்பீங்க, புகழேந்தி சார்?” என்றார் ஹெட்போன் கடைக்காரர். “கர்நாடக சங்கீதம் மட்டும்தான்.” மூன்றை மாட்டிக் கழற்றியபின், நான்காவதில், கடைக்காரர் திரும்பியிருந்த நேரம் பார்த்து, செல்போனில் தானே பதிவுசெய்திருந்த பறையை ஓடவிட்டார் புகழேந்தி. தீயில் காய்ச்சிய தோலின் முறுக்குவரை தெளிவாகக் கேட்டது. கண் திறந்தபோது கடைக்காரரின் விரல்கள் கண்ணாடி மேஜையில் அதே அடியைத் தட்டிக்கொண்டிருந்தன. “இது ஓப்பன் பேக் சார், வெளியவும் கேக்கும். பிரமாதமா அடிக்கிறாரே, யாரு?” “தெரியல. யாரோ அனுப்பினது.” புகழேந்தி அதை நிறுத்துவதற்குள் பறை ஓய்ந்து, மூச்சிரைக்கும் குரல் இருவருக்கும் கேட்டது: “அப்பா இன்னொருவாட்டி அடிக்கட்டுமா, புகழேந்தி?” கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே துடைத்துவைத்த ஹெட்போனை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.