கட்டுப் போட்ட கால்

“கட்டு போட்டுக்கினு கீறான் பாரு, அந்த முட்டிய ஒரு தட்டு தட்டிடு கோவர்தன். மேட்ச் நம்மளுது.”

தண்ணீர் பாட்டிலை நீட்டியபடி விஷால் சொன்னான். சின்ன காஞ்சிபுரம் அணிக்கு அவன்தான் கேப்டன். இடைவேளை. இரண்டு பக்கமும் தலா ஒரு கோல்.

கோவர்தன் மைதானத்தின் மறுபக்கம் பார்த்தான். தாமல் அணியின் அருள் தரையில் உட்கார்ந்து, வலது முட்டியின் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். கணுக்கால் வரை கறுப்பு டைட்ஸ். அதன்மேல் நீலக் கட்டு. தூரத்திலிருந்தே தெரிந்தது.

போன வருஷம் வெளியூர்ப் போட்டி ஒன்றில் அருளுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன். இனி ஆடவே மாட்டான் என்றார்கள். கருட சேவைக் கூட்டத்துக்கு வெளியே, வேட்டி கட்டி, இரண்டு அக்குளிலும் ஊன்றுகோல் வைத்து நின்றவனைக் கோவர்தன் பார்த்திருக்கிறான்.

“பாவம்டா. இப்பதான் எழுந்து வந்துகீறான்.”

“கோயில் சர்க்கரைப் பொங்கல் தின்னு வளந்தவனாச்சே, மனசும் அதே மாதிரி குழைஞ்சி கீது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். கோவர்தனும் சிரித்துவைத்தான்.

“அவன் கோல் போட்டான்னா அடுத்த மேட்ச்ல நீ வெளியதான் உக்காருவ. சொல்லிட்டேன்” என்றான் விஷால்.

ஆட்டம் தொடங்கியது. முன்பெல்லாம் அருள் நாலு பேரைத் தாண்டிப் பந்தோடு ஓடுவான். இப்போது ஓடவில்லை. பந்து வரும் இடத்துக்கு முன்னாலேயே போய் நின்றான். ஒரே தொடலில் அடுத்தவனுக்குத் தள்ளினான். திரும்பும்போது கட்டுப் போட்ட காலையே ஊன்றித் திரும்பினான். என்ன தைரியம் என்று நினைத்துக்கொண்டான் கோவர்தன்.

“கால் எப்பிடிபா இருக்குது?” பக்கத்தில் வந்தபோது கேட்டான்.

“ஓடுது. உங்காளுங்கதான் வந்ததுல இருந்து முட்டியவே பாத்துக்கினு கீறாங்க.”

“நான் அப்பிடி இல்லபா.”

“எல்லாரும் அதான் சொல்றாங்க” என்று சிரித்தான் அருள்.

ஆட்டம் முடியும் நேரம். பந்து அருளிடம் வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்.

கோவர்தன் சறுக்கிக்கொண்டு பாய்ந்தான். நீலக் கட்டு நேரே கண்முன் வந்தது. “முட்டிய அடிடா” என்று பின்னால் விஷாலின் குரல். கடைசி நொடியில் கோவர்தன் காலைத் திருப்பினான். கட்டுப் போட்ட காலை விட்டு, மற்ற காலில் மோதினான்.

எதுவோ கிழிந்தது. அருள் விழுந்த இடத்திலேயே சுருண்டான். பந்து தானாக உருண்டு வெளியே போனது.

கோவர்தன் மண்டியிட்டான்.

“அருள், அந்தக் கால தொடவே இல்லபா. சத்தியமா. அத விட்டுட்டுதான் இந்தக் கால்ல வந்தேன்.”

அருள் இடது முட்டியைப் பிடித்திருந்த கையை எடுத்தான். கிழிந்த டைட்ஸுக்குள், முட்டியின் மேல் நீளமாக ஒரு தையல் தழும்பு.

“கட்டு போட்ட காலத்தான் எல்லாரும் அடிப்பாங்கன்னு நல்ல கால்ல கட்டிக்கினு வந்தேன்பா” என்றான் அருள். “விட்டுட்டு அடிக்க ஒருத்தன் வருவான்னு நெனைக்கல.”