பேட்டரி இல்லாத அலாரம்

அருள்மலர் மிளகாய் வறுத்தால் வீட்டுப் புகை அலாரம் கத்தும். கணவர் எட்வேட் அதன் பேட்டரியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். போன மாரிக் குளிரில் ஒருநாள் அதைத் திரும்பப் போட மறந்துவிட்டார். அன்று புகைபோக்கியும் அடைத்திருந்தது. விறகு எரியும் கணப்பின் முன்னால் நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழும்பவேயில்லை.

"அந்தக் கணப்பைப் பூசி மூடிவிடுங்கோ அம்மா," என்றாள் மகள் ஜெஸ்ரின்.

"ஏலாது. பிழை விட்டது நாங்கள், அது இல்லை."

இந்த மாரிக்கு அருள்மலர் ஆள் பிடித்துப் புகைபோக்கியைத் துப்புரவாக்கினாள். காய்ந்த விறகு வாங்கினாள். பழைய அலாரத்தைக் கழற்றிவிட்டுச் சுவரில் இரண்டு புது அலாரங்கள் பூட்டினாள். முதல் குளிர்நாள் பிற்பகலில் தீ மூட்டினாள். புகை நேராக மேலே போனது.

அப்போது சமையலறை லாச்சிக்குள் பழைய அலாரம் கத்தியது. லாச்சியை இழுத்து, அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பேட்டரி போடும் இடம் வெறுமையாக இருந்தது. சுவரிலிருந்த இரண்டும் சத்தமில்லாமல் இருந்தன.

"அம்மா, நெருப்பை அணையுங்கோ!" என்று ஜெஸ்ரின் ஓடிவந்தாள்.

அருள்மலர் அணைக்கவில்லை. எட்வேட்டிடம் கதைப்பதுபோல் அலாரத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, எல்லாம் பார்த்துத்தான் கொளுத்தினனான். போன மாரி பேட்டரியைப் போடாமல் விட்டிட்டு, இப்ப எனக்குப் படிப்பிக்க வாறீங்களோ?"

சத்தம் நின்றது. அவள் இன்னொரு விறகை எடுத்து வைத்தாள்.