சூடு கேட்டால் அசையாத மெஷின்

“சூட்டுக்கு அமத்தினா மூச்சும் காட்டுதில்லை தம்பி. குளிருக்கு அமத்தினா மட்டும் ஓடி வருது. இதென்ன கூத்து?”

ஞானேந்திரன் ரிமோட்டை றூபனின் முகத்துக்கு நேரே நீட்டினார். மே மாதம் பிறந்தும் டொலார்ட் நகரில் குளிர் விட்டபாடில்லை. மனிதர் வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

சூடும் குளிரும் தரும் ஹீட் பம்ப் மெஷினைப் பூட்டிக் கொடுத்த றூபன் சுவரில் இருந்த பெட்டியைக் கழற்றிப் பார்த்தான். வெளியே போய் அங்கே இருந்த பெரிய மெஷினையும் பார்த்துவிட்டு வந்தான்.

“எல்லாம் சரியா இருக்கு அங்கிள். குளிர் காலத்திலை வெளியிலை இருக்கிற சூட்டை உள்ளுக்குக் கொண்டுவரும். வெயில் காலத்திலை உள்ளுக்குள்ள சூட்டை வெளியிலை தள்ளும். வால்வு ஒண்டு மற்றப் பக்கம் திரும்பினாச் சரி.”

“குளிருக்கை எங்கை தம்பி சூடு?”

“குளிர்க் காத்திலையும் கொஞ்சம் இருக்கு அங்கிள்.”

ஞானேந்திரனுக்குத் தலை சுற்றியது.

“அன்ரி ஏதும் மாத்திப் போட்டாவோ?”

அவர் முகம் வாடிவிட்டது. சண்டையே இந்த ரிமோட்டால் வந்ததுதான். ஐம்பதைத் தாண்டிய மனைவி ஜெயமதிக்குத் திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். இவருக்கோ எப்போதும் குளிர். “இந்த அடுப்புக்கை என்னாலை இருக்கேலாது. ரொறொன்ரோவுக்குத் தங்கச்சி வீட்டை போறன்” என்று போன கிழமை சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு, கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். முதலில் அவளே போன் எடுக்கட்டும் என்று இவர் வீம்புக்கு இருக்கிறார். ஒரேயடியாகப் போய்விட்டாளோ என்ற பயமும் உள்ளூர இருந்தது.

“அவ இஞ்சை இல்லை. ரிமோட் என்ரை கையிலைதான்.”

றூபன் தன் போனில் மெஷினின் விபரத்தைத் தட்டிப் பார்த்தான். “விளங்கீற்று அங்கிள். மேலையும் கீழையும் ரெண்டு பெட்டி இருந்தாலும் வெளியிலை மெஷின் ஒண்டுதானே. ஒரு நேரத்திலை ஒரு வேலைதான் செய்யும். முதல் கேட்ட ஆளுக்குத்தான் குடுக்கும். பேஸ்மென்ற்றிலை ஆரோ குளிருக்குப் போட்டிருக்கினம்.”

“அங்கை ஆர் தம்பி? மகன் கலியாணம் கட்டிப் போனாப் பிறகு அது சும்மா கிடக்கு. இந்த முழங்காலோடை நான் இறங்கிறதும் இல்லை.”

“வாடகைக்கு விடேல்லையோ?”

“இல்லையப்பா!”

“பக்கவாசலாலை கள்ளர் ஏதும்…”

“கள்ளன் வந்து ஏசி போட்டுக்கொண்டு படுப்பானே?”

அப்போது கீழே ஏதோ நகரும் சத்தம் கேட்டது. றூபன் குரலைத் தாழ்த்தினான்.

“எதுக்கும் பொலிசைக் கூப்பிடுவம் அங்கிள்.”

ஞானேந்திரன் போனை எடுத்து எண்ணை அழுத்தப் போன நேரம், பேஸ்மென்ற் படியிலிருந்து ஜெயமதியின் குரல் வந்தது.

“பொலிசு பேந்து வரட்டும். வந்த பிள்ளைக்கு முதல் ஒரு தேத்தண்ணியைப் போட்டுக் குடுங்கோவன்!”